பத்துக்குக் கீழே

"ஆடம்ஸ்" என்று எழுத்தர் மார்ஜி முதல் பெயரை வாசித்ததும், தன் முறை வர இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று சாமுவேல் வேதமுத்து மனசுக்குள் மூச்சு விட்டுக்கொண்டார். ஆங்கில எழுத்து வரிசையில் கூப்பிடுகிற இடத்தில் 'வி'யில் பெயர் வைத்துக்கொண்டவனுக்குக் கிடைக்கிற ஒரே சலுகை இது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டபோதும் கடைசி, இங்கே அமெரிக்காவில் மாநில செனட்டின் சுகாதாரக் குழுவில் ஓட்டுப் போடும்போதும் கடைசி. சலுகை என்று சொல்வதும் தப்புதான், முன்னால் போனவனெல்லாம் அலறுவதைக் கேட்டுக்கொண்டே வரிசையில் நிற்க வேண்டும். மணி பத்தரை. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, உள்ளே வெப்பக் குழாய் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைச் சொல்லுமுன் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் காரணம் சொல்லலாம் என்பது இந்தக் குழுவின் வழக்கம், ஆக ஒன்பது பேருக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அந்த இருபது நிமிடத்துக்குள் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வதா, பதினோரு ஊர்களைக் கெடுப்பதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். விஷயம் அவ்வளவுதான், சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது நிமிட வண்டி ஓட்டத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தால், சிற்றூரின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாநிலம் தரும் உதவி நிற்கும் என்கிறது மசோதா. உதவி நின்றால் பிரிவை மூடிவிடுவார்கள். அப்படிப் பதினோரு இடங்கள். நாற்பது நிமிடம் வரை தூரம் யார் உயிரையும் எடுக்காது என்று நிரூபித்தவர் யார் என்று கேட்டால், அரசியலுக்கு வருமுன் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிப் பேராசிரியராக இருந்த இதே சாமுவேல்தான். மசோதாவின் மூன்றாம் பக்கத்தில் 'வேதமுத்து வரம்பு' என்று அவர் பெயரிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த ஆராய்ச்சி தப்பு. இந்த அறையில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆடம்ஸ் "ஆம்" என்றார், காரணம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தை விழுங்கிவிட்டான் பாவி.

தப்பு என்றால் கொலைக் குற்றம் மாதிரி ஒன்றும் அப்போது தெரியவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப மாலை ஐந்து மணி கெடு, மணி மூன்றரை. நாட்டிலுள்ள எல்லாக் கவுண்டிகளிலும், நம்மூர்த் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், மாரடைப்பில் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியல் எதிரே. அந்தப் பட்டியலில் ஒரு விதி உண்டு. பத்துக்குக் குறைவாகச் செத்திருந்தால் எண்ணைப் போடமாட்டார்கள். சின்ன ஊரில் மூன்று பேர் என்று எழுதினால் எந்த மூன்று பேர் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அவரவர் வீட்டு ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று எண்ணுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி. நல்ல எண்ணத்தில் செய்த விதிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு நட்சத்திரம் புரியாது, அந்த இடம் வந்ததும் நின்றுவிடும். உதவி ஆராய்ச்சி மாணவியாக இருந்த கோகிலவாணி, கோயம்புத்தூர்ப் பெண், நாற்காலியைத் திருப்பி, "ஏனுங்க சார், இந்த ஸ்டாரை என்னங்க பண்றது?" என்று கேட்டாள். "இப்போதைக்குப் பூஜ்யம் போடும்மா, திங்கக்கிழமை சரி பண்ணிக்கலாம்" என்றார். அவள் ஒரே ஒரு வரி எழுதினாள், நட்சத்திரங்கள் எல்லாம் பூஜ்யமாகிவிட்டன. ஆஸ்பத்திரிக்கு வெகுதூரத்தில் இருக்கிற, ஆள் குறைந்த கவுண்டிகளில் யாருமே சாகவில்லை என்று ஆகிவிட்டது. நாற்பது நிமிடம் வரை தூரம் யாரையும் கொல்வதில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும். அந்தத் திங்கட்கிழமை பிறகு வரவே இல்லை. பெக்கரும் "ஆம்". இரண்டு ஆச்சு. சாமுவேலின் அப்பா தாலுகா அலுவலகத்தில் புள்ளியியல் ஆய்வாளர், வயலில் இறங்கி ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை அறுத்து நிறுத்து எழுத வேண்டிய உத்தியோகம். மனுஷன் வயலுக்குப் போகிறேன் என்று சைக்கிளில் கிளம்பி, சமாதானபுரம் டீக்கடையில் உட்கார்ந்து முப்பது வயலுக்கும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு வருவார். 'டீக்கடை விளைச்சல்' என்று அம்மாவே கேலி பண்ணுவாள். அந்த வெட்கத்தில்தான் சாமுவேல் கணக்குப் படித்தார், பொய் எழுத முடியாத படிப்பு என்று நினைத்துப் படித்தார். முப்பது வயலுக்கு அப்பாவுக்கு இரண்டு டீ ஆகும். மகனுக்கு எண்ணூறு கவுண்டிக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

காலஹன் பேசத் தொடங்கினார். அவர் தொகுதியில்தான் மூன்று ஆஸ்பத்திரிகள் போகின்றன, நிதானமாகப் பேசினார், குரல் மட்டும் இடையிடையே உடைந்தது. சாமுவேல் அவர் முகத்தைப் பார்க்காமல் அவருடைய டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாமல் நடந்த தப்பு என்றால் இப்போதுகூட எழுந்து நின்று சொல்லிவிடலாம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாலு பேர் மன்னித்துவிடுவார்கள். ஆனால் கோகிலவாணிக்குக்கூடத் தெரியாத ஒன்று இருக்கிறது. கட்டுரை அச்சுக்குப் போக ஒரு மாதம் இருந்தபோது, மழை பெய்த ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல், பக்கத்து அறைகளில் யாரும் இல்லை, சும்மா பார்ப்போமே என்று பூஜ்யம் இருந்த இடத்தில் எல்லாம் ஐந்து என்று போட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஐந்து, நியாயமான ஊகம்தான். நாற்பது நிமிட வரம்பைக் காணோம். பதினைந்தாவது நிமிடத்திலிருந்தே சாவுக் கோடு மேலே ஏறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. அவர் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்ல முடியும், காபி ஆறுகிற நேரம். பிறகு 'சேமிக்கவா' என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினார். இதற்குப் பெயர் மறதி இல்லை. இதற்குப் பெயர் என்ன என்று பதினாலு வருஷமாக அவர் யோசித்ததும் இல்லை, யோசிக்காமல் இருந்ததும் இல்லை. கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் இடம் கிடைத்தது. தொலைக்காட்சியில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், கறுத்த முகமும் திருநெல்வேலி வாடை போகாத ஆங்கிலமும் இருந்தும், 'இந்த மனுஷன் எண்களை மட்டும்தான் பேசுவார்' என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் செனட்டர் ஆனார். அரசியல்வாதிகள் எல்லாம் பொய்யர்கள், கணக்குத் தெரிந்த ஒருவனை அனுப்புங்கள் என்பதுதான் அவருடைய தேர்தல் சுவரொட்டி. ஜனங்கள் நம்பி அனுப்பினார்கள். காலஹன் "இல்லை" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று நாளைக்கு முன் கோகிலவாணி போன் செய்தாள். இப்போது அவளும் வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. பழைய குரல்தான், மரியாதையும் பழைய மரியாதைதான். "சார், நட்சத்திரம் போடாத மூலப் பட்டியலைப் பாக்கறதுக்கு எனக்கு அனுமதி கிடைச்சுதுங்க. நம்ம பேப்பரைத் திருப்பிப் போட்டுப் பாத்தனுங்க." அதற்கப்புறம் அவள் சொன்னதை அவர் ஏற்கனவே ஒரு வியாழக்கிழமை பார்த்தாயிற்று, ஆனாலும் முதல் தடவை கேட்கிறவர் போல "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். அந்த நடிப்பு எவ்வளவு சுளுவாக வந்தது என்பதுதான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. "நான் எழுத மாட்டனுங்க சார். பூஜ்யம் போட்டது என்ற கைதானுங்களே. அடுத்த மாசம் எனக்கு வேலை நிரந்தரமாகுமா இல்லியான்னு முடிவு வருது, ரெண்டு கொழந்தைங்க. நீங்க எந்திரிச்சுச் சொன்னீங்கன்னா நானும் ஆமான்னு சொல்லிப்போடறேன். நீங்க சொல்லலீன்னா நானும் வாயத் தொறக்க மாட்டனுங்க." கடைசியில், "நீங்கதான் சார் முடிவு பண்ணோணும்" என்றாள். மிரட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மிரட்டுகிறவனிடம் தப்பிக்க வழி தேடலாம், கோபப்படலாம். இவள் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். "நான் யோசிக்கிறேம்மா" என்று சொல்லி வைத்தார். யோசித்தார். தூங்கவில்லை, சாப்பிட்டார், மூன்று நாளும் நன்றாகவே சாப்பிட்டார்.

குழுவின் தலைவர் டிரிஸ்கால் தன் இரண்டு நிமிடத்தையும் எடுத்துக்கொண்டார், முழுக்கவும் சாமுவேலைப் பற்றித்தான் பேசினார். "நம் நடுவிலேயே இந்த விஷயத்தில் நாட்டின் பெரிய நிபுணர் உட்கார்ந்திருக்கிறார். நான் நிபுணன் இல்லை, அவர் கணக்கை நம்புகிறேன். ஆம்." சாமுவேல் தலையை லேசாக அசைத்தார். நெற்றி வியர்த்தது, துடைத்தால் தெரியும் என்று விட்டுவிட்டார். சனிக்கிழமை இதே டிரிஸ்கால் மேடையேறி அவரை வாஷிங்டன் காங்கிரசுக்கு, அதாவது நாட்டின் நாடாளுமன்றத்துக்கு, கட்சியின் வேட்பாளர் என்று அறிவிக்கப்போகிறார். காலையில் மனைவி கிருபாவதி சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே அதைத்தான் பேசினாள். "சனிக்கெழமைக்கு நூத்தம்பது பேருக்குப் பிரியாணி சொல்லியிருக்கேன், சர்ச் சபையில இருந்து எல்லாரும் வாறாவ. எங்க அண்ணன் ஊர்ல இருந்து டிக்கட் போட்டாச்சு. இன்னைக்கு என்னமோ ஓட்டுன்னு சொன்னிய, அது லேசுல முடிஞ்சிரும்லா?" என்றாள். "முடிஞ்சிரும்" என்றார். "பின்ன ஏன் மொகம் இப்படி இருக்கு? ராத்திரியும் பொரண்டு பொரண்டு படுத்திய. நெஞ்சு எரியுதா?" அவளிடம் சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்டு அவர் மறைத்தது இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஆனால் கிருபாவதி கேட்டால் ஒரே பதில்தான் சொல்வாள், தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டு வாங்க என்பாள், சொல்லிவிட்டுப் பிரியாணிக்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றும் சொல்லிவிடுவாள். அவளுக்கு அது அவ்வளவு சின்ன வேலை. அதனால்தான் சொல்லவில்லை. ஃபாஸ்டர் "இல்லை", கெம்ப் "இல்லை". பெயர் வாசிப்பு வேகம் எடுத்துவிட்டது.

பார்வையாளர்களின் மூன்றாவது வரிசையில் டாரீன் உட்கார்ந்திருந்தாள். பெல்ஃபோர்ட் கவுண்டியில் இருபத்திரண்டு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், அறுபது வயசு, பெரிய கைகள். காலையில் சாட்சி சொன்னாள். மூடக்கூடாது என்றுதான் சொன்னாள், ஆனால் சண்டை பிடிக்கவில்லை. "போன வருஷம் மாரடைப்புல ஆறு பேர் என் வண்டியிலயே உயிர் விட்டுட்டாங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கும்போதே ஆறு. தூரமானா என்ன ஆகும்னு எனக்குத் தெரியலை, அதைத் தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நேராக அவரைப் பார்த்தாள். ஆறு என்ற சொல் காதில் விழுந்ததும் சாமுவேலுக்கு மனக்கண்ணில் ஆறு தெரியவில்லை, நட்சத்திரம்தான் தெரிந்தது. அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் இத்தனை வருஷமும் இவள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஓட்டுக் கேட்டுப் பெல்ஃபோர்ட் போனபோது அந்த வண்டியில் அவரும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். முப்பத்தெட்டு நிமிடம், வெயில் காலத்தில், வண்டியில் யாரும் சாகாதபோது. அப்போதுகூட உள்ளே ஏதோ கிள்ளியது. இப்போது அவர் மனம் தன் பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கியது, அதை நிறுத்த அவருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. பிரிவு மூடினால் பெல்ஃபோர்டில் வருஷத்துக்குக் கூடுதலாக இரண்டு பேர், அடுத்த கவுண்டியில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து, ஆள் அதிகமில்லை, பதினோரு இடத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது. வருஷா வருஷம் நாற்பது. ஆனால் எந்தக் கவுண்டியிலும் பழையதும் புதியதும் சேர்ந்து பத்தைத் தொடாது. ஆறு எட்டாகும், நாலு ஏழாகும். எல்லா இடத்திலும் நட்சத்திரம்தான் விழும். பத்து வருஷம் கழித்து யார் பட்டியலைத் திறந்து பார்த்தாலும் போன வருஷமும் நட்சத்திரம், இந்த வருஷமும் நட்சத்திரம், ஒன்றும் மாறவில்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நாற்பது பேரைப் பதினோரு தட்டில் பிரித்துப் போட்டால் மறைத்துவிடலாம். இந்த எண்ணம் வந்தவுடன் அவருக்கு உடம்பு நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. மூன்று நாளாக இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்தன. அப்படித் தளர்ந்ததை அவரே கவனித்தார். அப்போதுதான் முதல் முறையாகத் தன்னைப் பார்த்தே பயந்தார்.

மெர்சர் "ஆம்". ரீட் "இல்லை", அதோடு நாலுக்கு நாலு. சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கிருபாவதியின் குரல்தான், வேறு யாருக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரும். சொல்லலாம். 'நண்பர்களே, அந்த எண் தப்பு' என்றால் போதும், நான்கே சொல். சொன்ன மறு நிமிடம் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற நிருபர் பையன்கள் போனை எடுப்பார்கள், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். வியாழக்கிழமையை எங்கே கொண்டுபோய் வைப்பது. சொல்லாமல் 'இல்லை' என்று மட்டும் ஓட்டுப் போடலாமா, தன் பெயரிலேயே இருக்கிற வரம்புக்கு எதிராக ஓட்டா என்று டிரிஸ்கால் கேட்க மாட்டாரா. நாற்பது நிமிடத்தை முப்பதாக்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவரலாமா, காலம் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும், ஒரு வழி புலப்பட்டுவிடும். "வேதமுத்து" என்றாள் மார்ஜி, 'வெட்டமூட்டு' என்று எட்டு வருஷமாகச் சொல்கிறபடி. இந்தச் சட்டசபைக் குழுக்களில் ஒரு வசதி உண்டு, பெயர் கூப்பிடும்போது முடிவு செய்யாதவர் "பாஸ்" என்று சொல்லலாம், மற்ற எல்லாரையும் முடித்துவிட்டுத் திரும்ப அவரிடம் வருவார்கள். சாமுவேல் "பாஸ்" என்றார். காலஹன்கூடச் சிரித்துவிட்டார். கடைசி ஆள் பாஸ் சொன்னால் நடுவில் யார் இருக்கிறார்கள். மார்ஜி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதே குரலில் "வேதமுத்து" என்று திரும்பவும் வாசித்தாள். அவருக்குக் கிடைத்த அவகாசம் மூன்று விநாடி. மூன்றும் பத்துக்குக் கீழேதான்.

"ஆம்" என்றார். தன் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சொன்னபின் இரண்டு நிமிடமும் பேசினார். பதினாலு வருஷமாகப் பேசிப் பேசி வழவழத்துப்போன பேச்சு, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது நிமிடத்துக்குள் தூரம் ஒரு பொருட்டில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல வைத்தியம், பயம் வேறு உண்மை வேறு. பேசும்போது டாரீன் முன்னால் குனிந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரிஸ்கால் சுத்தியலைத் தட்டிப் பத்து நிமிடம் இடைவேளை என்றார், முதுகில் தட்டினார், சனிக்கிழமை என்றார். அறைக்கு வெளியே நடைவழியில் தண்ணீர் குடிக்கப் போனவரை டாரீன் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"டாக்டர், எனக்கு ஒண்ணு நேரா சொல்லுங்க. டிரிஸ்கால் சொன்னா நான் நம்ப மாட்டேன். எங்க ஊருக்கு வந்து, என் வண்டியில ஏறி உக்காந்து கடிகாரம் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் லைலுக்கு நெஞ்சு சரியில்லை, ரெண்டு தடவை வந்தாச்சு. ஆஸ்பத்திரி மூடினா வீட்டை வித்துட்டு மகன்கூட நகரத்துக்குப் போயிடலாம்னு இருந்தோம். அவருக்குப் போக மனசே இல்லை. நீங்க கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தானே சொல்றீங்க?"

நடைவழியில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவளிடம் மட்டும் சொல்லலாம். ஓட்டுப் போட்டாயிற்று, மாற்ற முடியாது, ஆனால் இந்த ஒருத்தியிடம் ரகசியமாக, போய்விடுங்கள் அம்மா, வீட்டை விற்றுவிடுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சொல்வாள், பொய் சொல்லத் தெரியாத முகம்.

"ஆமா, கணக்குப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றார்.

"அப்ப சரி. எங்க ஊர்க்காரங்ககிட்டயும் நானே சொல்லிடறேன், பயப்பட வேண்டாம்னு. நான் சொன்னா கேப்பாங்க." அங்கேயே கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். "லைல், நான்தான். அந்த 'வீடு விற்பனைக்கு' போர்டைப் பிடுங்கி உள்ள போட்டுடு. நாம எங்கயும் போக வேண்டாம். ஆமா, டாக்டர் வேதமுத்துகிட்டயே கேட்டுட்டேன், பக்கத்துலதான் நிக்கறார்." காத்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த பழைய ஆளுநர்களின் படங்களைச் சாமுவேல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவள் சிரித்துக்கொண்டு போனை அவரிடம் நீட்டினாள். "உடனே போய்ப் பிடுங்கிட்டு வந்துட்டாராம், இந்தப் பனியில. உங்களுக்கு நன்றி சொல்லணும்ங்கறார்."

அவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். முதலில் பேச்சு வரவில்லை, மூச்சு வாங்குவதுதான் கேட்டது, இழுத்து இழுத்து, நடுவில் தடங்கித் தடங்கி. "ரொம்ப நன்றி டாக்டர்" என்றது ஒரு முதிய குரல். "தரை உறைஞ்சு கிடக்கு, போர்டு வரமாட்டேன்னுட்டுது. ஒண்ணுமில்லை, ஒரு நிமிஷம் உக்காந்தா சரியாயிடும்."

"உக்காருங்க" என்றார் சாமுவேல் வேதமுத்து. "உடம்பைப் பார்த்துக்கோங்க."